பலூன் கேட்டவருக்குப் பலூன்

அன்புள்ள ஐயா,

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற மொபைல் விளையாட்டில் ஒரு கிளானின், அதாவது ஆட்டக்காரர் குழுவின், லீடர் நான். 50 இடமும் நிரம்பும். ஒரே மாதத்தில் பாதி காலியாகிவிடும். வேறு கிளானுடன் மோதும் வாரில் தனக்குரிய இரண்டு அட்டாக்கையும் தவறவிட்ட பிளஸ் டூ மாணவனை நீக்கிக்கூடப் பார்த்துவிட்டேன், ஒழுங்கு வரவில்லை. டிஸ்கார்டில் அரட்டைக் குழு தொடங்கலாமா? பரிசு அறிவிக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டிஸ்கார்டு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பரிசு வேண்டாம்; அதற்காக வருபவர் அடுத்த பரிசு இருக்கும் கிளானுக்குப் போய்விடுவார்.

ஆளை விளையாட்டில் தங்கவைப்பது நட்பு என்கிறோம். நட்புக்கு முன்னால் தேவை வர வேண்டும். இன்று நான் போகவில்லையென்றால் இன்னாருடைய வேலை நின்றுவிடும் என்று தெரிந்தவர் வந்துவிடுவார்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2004-ல் வந்தபோது மோல்ட்டன் கோர் என்ற ரெய்டுக்கு (பெருங்கூட்டமாகச் சேர்ந்து ஆடும் களத்துக்கு) 40 பேர், ஐந்தைந்தாக 8 குழு. அடி தாங்க டாங்க், அவரைப் பிழைக்கவைக்க ஹீலர். 2007 ஜனவரியில் பர்னிங் குருசேட் என்ற விரிவாக்கம் வந்ததும் பெரிய ரெய்டு 25 பேராகச் சுருங்கியது. அதற்கு முந்தைய படியான கரஸானுக்கு 10 பேர்தான். கணக்குப் போடுங்கள். 40 பேரில் 15 பேருக்கு இடமில்லை. கரஸானில் இரண்டு குழு பழகினால் 25-க்கு 5 பேர் போதாது, மூன்று குழு பழகினால் 5 பேர் மிச்சம். ‘முதல் குழு, இரண்டாம் குழு’ என்ற பேச்சு வந்தது, பல கில்டுகள் (அங்கே கிளானுக்கு அதுதான் பெயர்) உடைந்தன.

2009 டிசம்பரில் டஞ்சன் ஃபைண்டர் வந்தது, ஐவர் குழுவைத் தானே சேர்த்துத்தரும் வசதி. பட்டனை அழுத்தினால் வேறு சர்வர்க்காரர்களையும் சேர்த்து நேரே உள்ளே இறக்கிவிடும். முன்பு சாட்டில் கூவித்தான் ஹீலரைத் தேட வேண்டும். எரிச்சல்தான். ஆனால் நல்ல ஹீலரின் பெயர் அந்த சர்வர் முழுக்கத் தெரிந்திருந்தது, பொருளைச் சுருட்டிக்கொண்டு ஓடியவரின் பெயரும்தான். இனிமேல் பார்க்கவே போகாத நால்வரிடம் பெயருக்கு என்ன மதிப்பு?

உங்கள் விளையாட்டில் அந்தத் தேவை இருக்குமிடம் கிளான் காசில், கிளானில் மற்றவர் கொடுக்கும் ட்ரூப்ஸ் (படைவீரர்கள்) தங்கும் கோட்டை. ரெய்டு மெடல் என்ற விளையாட்டு நாணயத்தைச் செலவழித்து அதைத் தானே நிரப்பிக்கொள்ளும் வசதி வந்த பிறகு அதுவும் பாதி தேய்ந்துவிட்டது. மீதிப் பாதியையாவது காப்பாற்றுங்கள். புதியவரின் முதல் கோரிக்கை இரவெல்லாம் சாட்டில் கிடந்தால் காலையில் அவர் இருக்கமாட்டார். டொனேஷனுக்கு, அதாவது ட்ரூப்ஸ் கொடுப்பதற்கு, குறைந்தபட்ச எண்ணிக்கை வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அந்த விதிதான் பலூன் ட்ரூப்ஸ் கேட்டவருக்கு ஆர்ச்சர் ட்ரூப்ஸைத் தள்ளிவிட்டுக் கணக்கு ஏற்றச் சொல்லிக்கொடுக்கிறது. கேட்டது கிடைக்காதவர் மறுபடி கேட்கமாட்டார். கேட்காதவர் எப்படித் தங்குவார்?

50 பேரை வாருக்கு இழுக்காதீர்கள். 15-க்கு 15 போடுங்கள். தயாரிப்பு நாளிலேயே யாருடைய வார் காசிலை யார் நிரப்புவது, எந்தத் தளத்தை யார் அடிப்பது என்று பெயர் சொல்லிப் பிரித்துவிடுங்கள். மொத்தம் 30 அட்டாக். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் இருக்கும்.

அந்த மாணவன் விஷயத்தில் நீங்கள் செய்தது தவறு, எஸ். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் பிறருக்குப் பயம் காட்டவா வெளியேற்றுவது? ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் இல்லையே. இன்றிரவே அழைப்பு அனுப்புங்கள். பரீட்சை முடியும்வரை வார் விருப்பத்தைச் சிவப்பில், அதாவது வாருக்கு வரவில்லை என்று, வைத்துக்கொள்ளட்டும். அவன் ட்ரூப்ஸ் கேட்டால் முதலில் நிரப்புவது லீடராகிய நீங்களாக இருக்க வேண்டும், அதுவும் அவன் கேட்ட ட்ரூப்ஸையே.