கேஷை அழிக்கத் தனிக் கட்டணமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைத்து ஏற்றுமதி செய்கிறோம். போன வாரம் கம்பெனி மெயிலை வேறு சர்வருக்கு மாற்றினோம். ஜெர்மனி பையரின் மெயில் ஒழுங்காக வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி சப்ளையர்கள் சிலர் அனுப்புவது மட்டும் வருவதில்லை. டொமைன் வாங்கித் தந்த ஏஜென்ட், "டிஎன்எஸ் கேஷை அழிக்கணும், அதற்குத் தனி சார்ஜ்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள்.

டிஎன்எஸ் என்பது ஒரு டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லும் இணைய முகவரிப் புத்தகம். அது தந்த பதிலை மற்ற சர்வர்கள் சேமித்து வைத்துக்கொள்வதுதான் கேஷ். எத்தனை நொடி சேமித்து வைக்கலாம் என்பதை டிடிஎல் என்ற எண் சொல்கிறது. பெரும்பாலும் 3,600 அல்லது 86,400 இருக்கும். ஒரு மணி நேரம் அல்லது ஒரு நாள். அது முடிந்தால் கேஷ் தானாகவே காலாவதியாகிவிடும். ஒரு வாரம் கழித்தும் அதன் மேல் பழி போடுவது ஏமாற்று வேலை. அடுத்தவர் சர்வரில் இருக்கும் கேஷை இவரால் தொடவும் முடியாது. கூகுள், கிளவுட்ஃபிளேர் நடத்தும் பொது டிஎன்எஸ் சர்வர்களில் வேண்டுமானால் நீங்களே அழித்துக்கொள்ளலாம், இலவசமாக.

அந்த சப்ளையர்களுக்கும் மெயில் போட்டுக் கொடுத்தது இதே ஏஜென்ட்தானா என்று விசாரியுங்கள். அநேகமாக ஆமாம் என்பார்கள். மெயில் சாஃப்ட்வேர், பெறுபவரின் டொமைன் தன் சொந்தப் பட்டியலில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கும். இருந்தால் டிஎன்எஸ்ஸைக் கேட்காமலே உள்ளூர்ப் பெட்டியில் போட்டுவிடும். அவர்கள் மெயிலும் இருக்கும் பழைய சர்வரில் உங்கள் டொமைன் இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அவ்வளவுதான். சர்வரை நிர்வகிக்கும் மென்பொருள் சிபேனலாக இருந்தால் ஈமெயில் ரூட்டிங்கில் 'லோக்கல்' என்பதை 'ரிமோட்' ஆக்கச் சொல்லுங்கள். அரை நிமிட வேலை. இதற்குத்தான் பில் போடுகிறார்!

கேஷ் நிஜமாகவே காலை வாருவது ஓரிடத்தில். புதிய சர்வரின் பெயரைப் பதிவு செய்யும் முன்பே யாராவது அதைத் தேடினால், 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதிலும் சேமிக்கப்படும். எம்எக்ஸ் பதிவின் (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் வரி) டிடிஎல்லை 300 ஆகக் குறைத்தாலும் அது போகாது. அதன் ஆயுளை எஸ்ஓஏ பதிவு (டொமைனின் அடிப்படை விவரங்களைச் சொல்லும் டிஎன்எஸ் வரி) தீர்மானிக்கிறது. அங்கே 86,400 இருந்தால், பெயரைச் சேர்த்த பிறகும் ஒரு நாள் வரை 'இல்லை'தான். அதைப் பார்த்துச் சில சர்வர்கள் மெயிலை உடனே திருப்பி அனுப்பிவிடும். அவசரப்பட்டு நீங்களே அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தாலும் இதே கதி. எனவே அடுத்த முறை முதலில் பெயர், அப்புறம்தான் எம்எக்ஸ்.

இன்னொன்று. டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஏஜென்ட் பெயரில் இருந்தால், வருடா வருடம் பணம் கட்டியது நீங்கள் என்பதை ரிஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தருபவர்) காதில் வாங்க மாட்டார். பதிவேட்டில் இருப்பவர்தான் அவருக்கு முதலாளி. இந்தக் கூத்து என்றைக்கு ஒழியுமோ!

அவரோடு சண்டை போடுவதற்கு முன், பழைய பெட்டியில் சேர்ந்திருக்கும் சப்ளையர் மெயில்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை அழித்துவிட்டால் அவையும் போய்விடும்.