எம்சிடிடி உள்ளவர்களுக்குக் கிட்னி பாதிக்குமா? அம்மாவுக்குக் கிரியேட்டினின் நார்மல்தான், பயப்பட வேண்டுமா?

பாதிக்கலாம். எம்சிடிடி என்பது கலப்பு இணைப்புத் திசு நோய்; உடலின் எதிர்ப்புச் சக்தி தன் திசுக்களையே தாக்குவது. ரத்தத்தில் பார்க்கும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் நார்மலாக இருக்கும்போதே கிட்னி பாதித்திருக்கலாம். என் அக்காவுக்கு அப்படித்தான் ஆனது.

அவளுக்கு விரல்கள் உப்பி மோதிரம் கழற்ற முடியாமல் போனதில்தான் நோய் தெரியவந்தது. இந்த நோயைக் கண்டுபிடிக்க ரத்தத்தில் பார்க்கும் யு1 ஆர்என்பி எதிர்ப்பொருள் மிக அதிகமாக இருந்தது. ‘இதில் கிட்னிக்கு அவ்வளவு பயமில்லை’ என்று யாரோ சொன்னதை நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். 1972இல் கார்டன் ஷார்ப் குழுவினர் இந்த நோயை முதன்முதலாக விவரித்தபோதும் அப்படித்தான் எழுதினார்கள். நோயாளிகளைப் பல வருடம் கவனித்த பிறகுதான், ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சிறுநீரகமும் பாதிக்கிறது என்று புரிந்தது.

அக்காவுக்கு முதலில் கொலுசு இறுகியது. சாயங்காலம் கழற்றினால் கணுக்காலில் பள்ளமாகத் தடம் இருக்கும். சிறுநீரில் நுரை, ஒரு மக் தண்ணீர் ஊற்றினாலும் அடங்காது. கிரியேட்டினின் 0.8 என்று வந்ததும் நிம்மதியாகிவிட்டோம். மூட்டு வாத மருத்துவர்தான் ‘யூரின் எங்கே?’ என்று கேட்டார். 24 மணி நேரம் கேனில் சேர்த்துக் கொடுத்தோம். 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய புரதம் 4 கிராமுக்கு மேல் இருந்தது.

சிறுநீரகத்தை ஒரு சல்லடையாக நினைத்துக்கொள்ளுங்கள். கழிவை வெளியேற்றும் வேலை நடக்கிறதா என்பதைத்தான் கிரியேட்டினின் காட்டும். கண்ணி பழுதாகிப் புரதம் ஒழுகுவதை அது காட்டாது. சிறுநீரகத் திறன் நிறையக் குறைந்த பிறகுதான் அது நன்றாக ஏறும்.

பயாப்சி செய்தார்கள். குப்புறப் படுக்க வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, நூல் போல இரண்டு துணுக்கு எடுத்தார்கள். அப்புறம் ஆறு மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுத்திருந்ததுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம். மெம்ப்ரனஸ் வகை, அதாவது சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் வகை என்று முடிவு வந்தது. எம்சிடிடியில் அதிகம் பார்க்கப்படுவது அதுதான். ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபீனலேட், புரதம் ஒழுகுவதைக் குறைக்க லோசார்டான் என்ற பிபி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, ஆனால் புரத அளவு இறங்கியது. இப்போது கொலுசு போடுகிறாள்.

உங்கள் அம்மாவுக்காக இரண்டு விஷயம் சொல்கிறேன். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகளைக் கேட்டு வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். அவையும் கிட்னியைக் கெடுக்கும். இன்னொன்று பிபி. இந்த நோயில் தோல் தடித்து இறுகும் ஸ்கிளிரோடெர்மா நோயின் சாயலும் உண்டு. அரிதாகச் சிலருக்கு பிபி திடீரென்று எகிறி, சில நாளிலேயே கிட்னி செயலிழக்கும். வீட்டிலேயே பிபி பாருங்கள். வழக்கத்தைவிடத் திடீரென்று ஏறினால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அதிக டோஸ் ஸ்டீராய்டு இந்த ஆபத்தைக் கூட்டும் என்பதால், டோஸை நீங்களாக ஏற்ற வேண்டாம். திடீரென்று நிறுத்தவும் கூடாது.

அடுத்த முறை போகும்போது யூரின் டெஸ்ட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள். 24 மணி நேரம் சேர்ப்பது அம்மாவுக்குச் சிரமம் என்றால், காலைச் சிறுநீரில் புரதம்–கிரியேட்டினின் விகிதம் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதற்கு ஒரு சின்ன டப்பா போதும்.