ஹென்னிங்சனை ‘ஜானர் ஓவியர்’ என்பது ஏன்?

டென்மார்க் ஓவியர் எரிக் ஹென்னிங்சனை (1855–1930) ‘ஜானர் ஓவியர்’ என்கிறார்கள். பெயர் தெரியாத சாதாரண மனிதர்களின் அன்றாட வாழ்க்கையை வரைபவர் என்று பொருள். கல்யாண ஆல்பத்தை நினைத்துப் பாருங்கள். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கும் படம் உருவப்படம். பின்கட்டில் பாத்திரம் கழுவுபவரை எடுத்தால், அதுதான் ஜானர்.

அவருடைய 1892ஆம் ஆண்டு ஓவியம் ஒன்றில், வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஒரு குடும்பம் பனி படிந்த தெருவில் தட்டுமுட்டுச் சாமான்களோடு நிற்கிறது. அவ்வளவுதான் காட்சி, ஆனால் பார்த்தால் மறக்காது.

ஏன் இதை வரைந்தார்? அப்போது தொழில்வளர்ச்சியால் கோபன்ஹேகன் வேகமாகப் பெருத்தது. பிழைப்புத் தேடி வந்தவர்கள் வாடகை வீடுகளில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். புராணத்தையும் வரலாற்றையும் உயர்வாக நினைத்த பழைய ஓவிய மரபில் இவர்களுக்குப் பெரிய இடமில்லை. 1880களின் யதார்த்த ஓவியர்கள் பார்வையைத் தெருவுக்குத் திருப்பினார்கள். (இதே ஹென்னிங்சன்தான் 1900இல் டூபோர்க் பீருக்குப் புகழ்பெற்ற விளம்பரப் படமும் வரைந்தார்!)

அப்புறம், சினிமாவில் ‘ஜானர்’ என்றால் த்ரில்லர், காமெடி என்று எந்த வகையையும் குறிக்கும். ஆனால் ‘ஜானர் ஓவியம்’ என்றால் அன்றாட வாழ்க்கைக் காட்சியை வரைந்த ஓவியம் என்று மட்டுமே பொருள்.