கடிதத்தில் ரிடண்டன்ட் என்று இருந்தால்

தம்பி, கோலாலம்பூருக்கு வந்து ஓராண்டு தாண்டிவிட்டது, அலுவலகக் கடிதத்தில் 'யுவர் பொசிஷன் ஹாஸ் பிகம் ரிடண்டன்ட்' என்று இருக்கிறது, நான் எதற்கும் லாயக்கில்லை என்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் வாடகை, நல்ல மெஸ் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் கடிதத்துக்கு வருகிறேன்.

லாயக்கில்லை என்று அதற்குப் பொருளே இல்லை. ரிடண்டன்ட் என்றால் தேவைக்கு மேல் இருப்பது, மிகை. கரை மீறி வழிவதைச் சொல்லும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'கேட்டுக் கதவு' என்கிறோமே, அதில் ஒரு சொல் ரிடண்டன்ட். கணினிக்காரர்களோ, ஒன்று பழுதானால் கைகொடுக்க நிற்கும் இரண்டாவது சர்வரை இதே சொல்லால் பெருமையாகவே குறிப்பிடுவார்கள். வேலை விஷயத்தில் மலேசியாவில் பிரிட்டிஷ் வழக்குதான்: பதவி மிகையாகிவிட்டது, அதனால் ஆட்குறைப்பு. நீங்கள் போன கையோடு அதே வேலைக்கு வேறொருவரை எடுத்தால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். நீக்கம் நியாயமில்லை என்று தோன்றினால் 60 நாட்களுக்குள் தொழில் உறவுத் துறையில் முறையிட வேண்டும்.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். 'நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுங்கள், உங்களுக்குத்தான் மரியாதை' என்று அழைத்துப் பேசுவார்கள். எழுதிக் கொடுக்காதீர்கள். தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்குள் என்றால், ஓராண்டு முடித்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், 2 ஆண்டு முடித்தவருக்கு 15 நாள், 5 ஆண்டு முடித்தவருக்கு 20 நாள் என்று சட்டமே வகுத்திருக்கிறது. மாதம் 4,000க்கு மேல் வாங்குகிறவர் வேலை ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1998இல், ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று நிறுத்திய நேரத்தில், எங்கள் அலுவலகத்திலும் உறைகள் வந்தன. ஊரிலிருந்து எனக்கு முன்னால் வந்து பழம் தின்று கொட்டை போட்டவர்கள், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடு, வாயைத் திறந்தால் விசா போய்விடும் என்றார்கள். புதிதாக வந்தவனைப் பயமுறுத்துவதையே உதவி என்று நினைக்கும் இவர்களை எனக்கு இன்றும் பிடிக்காது. வேலை போனதை வீட்டுக்கு மறைத்து, காலையில் டை கட்டிக்கொண்டு மஸ்ஜித் இந்தியா பக்கம் சுற்றிவிட்டு மாலையில் திரும்பியவர்களும் அவர்களே. எனக்குக் கைகொடுத்தவர் ஈப்போவில் பிறந்த கணக்குப் பிரிவு அக்கா. சிவப்புப் பென்சிலால் 'பொசிஷன்' என்ற சொல்லுக்கு அடியில் கோடிழுத்து, உன் பெயர் இங்கே எங்கே இருக்கிறது காட்டு என்று கேட்டார். அன்று விலகல் கடிதம் எழுதாமல் முழு இழப்பீட்டையும் வாங்கினேன். அடுத்த வேலைக்கான நேர்காணலில் 'மை பொசிஷன் வாஸ் மேட் ரிடண்டன்ட்' என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். 'டெர்மினேட்டட்', அதாவது நீக்கப்பட்டேன் என்று சொன்னால், கேட்பவர் உங்களை ஏதோ தவறு செய்தவராக நினைப்பார்.

ஒரே தரத்து வேலையில் வெளிநாட்டவரும் உள்ளூர்க்காரரும் இருந்தால் முதலில் வெளிநாட்டவரைத்தான் அனுப்ப வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதற்காகப் பக்கத்து மேசை உள்ளூர்த் தமிழர்மீது கோபப்படாதீர்கள். வேலை அனுமதி ரத்தாகும் தேதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாடு திரும்புவதானால், வருமான வரிக் கணக்கு முடியும் வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள். அதுவும் சட்டப்படிதான், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.