ஒரே கொட்டகையில் சில கோழிகள் மட்டும் தப்புவது ஏன்?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் நாலு மாதக் கோழிகள் சில, ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் நீட்டியபடி கிடந்து செத்தன. மாரெக்ஸ் நோய் என்றார் டாக்டர். அதே தீவனம் தின்ற மற்றவை நன்றாக இருக்கின்றன. எப்படி? தப்பியவற்றில் குஞ்சு எடுக்கலாமா?
— வாசகர், பரமத்தி வேலூர்

பதில்: கால்நடை மருத்துவனாக இருந்த காலம் முழுக்க என்னைத் துரத்திய கேள்வி இது. இப்படிச் செத்த கோழியை அறுத்தால் தொடை நரம்பு தடித்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் பக்கத்தில் நின்ற கோழி ஏன் பிழைத்தது என்பதற்கு விடை அறுவையில் கிடைக்காது.

மாரெக்ஸ் ஒரு வைரஸ் நோய். அந்த வைரஸ் சிறகுப் பொடியோடு பரவுவது. உங்கள் கோழிகள் எல்லாவற்றுக்குமே போயிருக்கும். வித்தியாசம் பெரும்பாலும் பரம்பரையில். வைரஸ் புகுந்த செல், அதன் புரதத் துணுக்கைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் அதைக் கண்டுதான் அந்தச் செல்லைக் கொல்லும். ஏந்திக் காட்டும் புரதத்துக்கு எம்எச்சி என்று பெயர். அதன் முதல் வகையில் மனிதருக்கு ஆறு தினுசு வரை உண்டு. ஒன்று விட்டதை இன்னொன்று காட்டும். கோழியிலோ தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று, இரண்டுதான் முக்கியமாக வேலை செய்கின்றன. 1999-ல் ஆய்வாளர் ஜிம் காஃப்மன் குழுவினர், கோழியில் இந்த எம்எச்சி புரதத்துக்கான 'பி' மரபணுத் தொகுதியைப் படித்தபோது, 92,000 டிஎன்ஏ எழுத்துகளில் 19 மரபணுக்களே இருந்தன. மனிதரில் அது சுமார் 40 லட்சம் எழுத்து. ஆகவே பி-யின் பல ரகங்களில் எது வாய்த்தது என்பது கோழிக்கு உயிர்ப் பிரச்சினை. பி21 என்ற ரகம் வாய்த்த கோழி மாரெக்ஸைத் தாங்கும். அதன் புரதம் பலவிதத் துணுக்குகளை ஏந்தக்கூடியது. பி19 ரகம் வாய்த்தது எளிதில் விழும். (பி முதலில் ரத்த வகையாகத்தான் அறியப்பட்டது, கோழியின் சிவப்பணு மேலும் இப்புரதம் உண்டு.)

சரி, குஞ்சு எடுக்கலாமா? எடுங்கள். ஆனால் தப்பியதெல்லாம் பி21 என்று நம்பிவிட வேண்டாம். நோயில்லாமல் தெரியும் கோழியும் வைரஸை உதிர்த்துக்கொண்டே இருக்கும். பொரித்த அன்றே தடுப்பூசி போட்டு, குஞ்சுகளைப் பெரிய கோழிகளுக்கு எட்டாத இடத்தில் வளர்க்கவும். இந்த நோயால் உண்டாகும் கட்டிகள் வராமல் ஊசி காக்கும், வைரஸ் தொற்றுவதை நிறுத்தாது. அப்புறம், தப்பிய ஒரே சேவலை எல்லாப் பெட்டைக்கும் விட வேண்டாம். மாரெக்ஸுக்கு நல்ல பி இன்னொரு நோய்க்கு நல்லதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. உறவில்லாத சேவல் இரண்டு மூன்றாவது இருக்கட்டும். வெளியிலிருந்து வாங்கினால் சில வாரம் தனியே வைத்துவிட்டுச் சேர்க்கவும்.