ஜனவரியில் ட்ரையத்லான் பயிற்சிக்கு எந்தத் தீவு?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 36. பிப்ரவரி கடைசியில் எனக்கு முதல் அரை அயர்ன்மேன் தூரப் பந்தயம். பொங்கலை ஒட்டிப் பத்து நாள் விடுப்பு கிடைக்கும். தீவு ஒன்றில் தங்கிப் பயிற்சி எடுக்க ஆசை. டிராவல் ஏஜென்ட் மாலத்தீவு, மொரீஷியஸ், அந்தமான் என்று மூன்று ‘கேம்ப் பேக்கேஜ்’ சொல்கிறார். மூன்றுமே ஒன்றரை லட்சத்துக்கு மேல். எனக்குக் கடல் நீச்சல்தான் பயம். எதை எடுக்கட்டும் சார்?

பதில்: தம்பி, மூன்றுமே வேண்டாம். ஜனவரி என்றால் மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போங்கள். டிக்கெட்டையும் ரூமையும் நீங்களே தனித்தனியாகப் போடுங்கள்.

உங்கள் பந்தயம் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம். இதில் பாதி நேரம் நீங்கள் சைக்கிள் மேல்தான் இருப்பீர்கள். அதனால் தீவில் முதலில் ரோட்டைப் பாருங்கள். மாலத்தீவின் ரிசார்ட் தீவுகள் பலவற்றை நடந்தே கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். சைக்கிளை எங்கே ஓட்டுவது? ‘ஜிம்மில் சைக்கிள் இருக்கிறது சார்’ என்பார் ஏஜென்ட். உள்ளூர் ஜிம்மில் செய்ய முடிந்ததற்கு யாரும் கடல் தாண்டிப் போக வேண்டாம். லட்சத்தீவும் இதே கதைதான். நீச்சலுக்கு அந்தக் காயல் அருமை, ஆனால் ரோடு சில கிலோமீட்டரில் முடிந்துவிடும், போதாததற்கு இந்தியர்களான நாமும் அனுமதிச் சீட்டு வாங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

மொரீஷியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். தானே, ஃபெஞ்சல் புயல்கள் இரண்டையும் வீட்டு வாசலில் பார்த்த கடலூர்க்காரருக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஏஜென்ட் இதைத்தான் ‘ஆஃப் சீசன் ஆஃபர்’ என்று விற்பார்.

இந்த ‘ஆஃப் சீசன்’ என்ற சொல்லில் நானே ஏமாந்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஜூலை மாதம் ஒரு ஏஜென்ட் பேச்சை நம்பி நான்கு பேரை ஃபுகெட் மேற்குக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பாதி விலை என்றார். போய் இறங்கினால் கரை முழுக்கச் சிவப்புக் கொடி. மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று, கடல் கொந்தளிக்கும், கரையிலிருந்து உள்ளே இழுக்கும். ஏழு நாளும் காலை ஆறு மணிக்குக் கண்ணாடி, தொப்பியோடு மணலில் நின்று கொடியைப் பார்த்துவிட்டு ரூமுக்குத் திரும்பினோம். ‘கடல் நீச்சல் சேர்த்து’ என்று ரசீதில் எழுதியிருந்தது. பணம் ஒரு ரூபாய் திரும்ப வரவில்லை. அதனால்தான் யார் கேட்டாலும் ஊரின் பெயருக்கு முன்னால் மாதத்தைக் கேட்கிறேன்.

அந்தமானைப் பலரும் கேட்கிறார்கள், சென்னையிலிருந்து நேரடி விமானம் இருக்கிறதே என்று. ஜனவரியில் கடலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஹாவ்லாக் தீவில் படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை வரை ரோடு சுமார் 12 கி.மீ. அதிலேயே போய்ப் போய்த் திரும்ப வேண்டும். மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். உப்புநீர் முதலையும் உண்டு, 2010-இல் ஹாவ்லாக்கிலேயே ஒரு சுற்றுலாப் பயணியை அது கொன்றது. ஏற்கெனவே நீச்சலுக்குப் பயப்படுகிற உங்களை அங்கே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

லங்காவிக்கு வருகிறேன். சென்னையிலிருந்து கோலாலம்பூர் நான்கு மணி நேரம், அங்கிருந்து இன்னொரு மணி நேரம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு, கடல் அடங்கியிருக்கும். நம் ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டுவார்கள். சைக்கிளில் போகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. ரோடு தரமானது, தீவைச் சுற்றி வந்தால் நீண்ட தூரப் பயிற்சி முடிந்துவிடும். ஏற்றம் வேண்டுமென்றால் குனுங் ராயா மலை 881 மீட்டர் நிற்கிறது. நம் ஈசிஆரில் எத்தனை நூறு கிலோமீட்டர் மிதித்தாலும் அந்த ஏற்றம் கிடைக்காது. மலேசிய அயர்ன்மேன் பந்தயத்தையே இந்தத் தீவில்தான் நடத்துகிறார்கள்.

இரண்டு விஷயம் மட்டும் கவனம். ஜனவரியில் அங்கே விடிவதே ஏழரை மணிக்கு. கடலூர்ப் பழக்கத்தில் ஐந்து மணிக்குக் கடலில் இறங்கிவிடாதீர்கள். அடுத்தது பெட்டிச் சொறி, பாக்ஸ் ஜெல்லி மீன் என்பார்களே, அது. நம் கரையில் அரிப்பு கொடுத்துவிட்டுப் போகிற சொறியைப் போல நினைக்க வேண்டாம், இது ஆளையே கொல்லும். கையும் காலும் மூடிய நீச்சல் உடை போடுங்கள். கரையில் ஒரு பாட்டில் வினிகர் வைத்திருங்கள். பட்டால் வினிகரை அரை நிமிஷம் விடாமல் ஊற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரி. தனியாக நீந்தாதீர்கள். இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை கட்டிக்கொள்ளுங்கள், பந்தாய் செனாங் கரையில் ஜெட் ஸ்கீ ஓட்டுகிறவர்களுக்கு நீங்கள் தெரிய வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் இருந்தும் நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இலங்கையைத்தான். அந்தத் தீவுக்குக் கடல் இரண்டு. டிசம்பர் முதல் மார்ச் வரை தென்மேற்குக் கரை, உனவட்டுன, வெலிகம பக்கம், அமைதி. அதே நேரம் கிழக்குக் கரையில் நம் ஊர் வாடைக் காற்றேதான் அடிக்கும். மே முதல் செப்டம்பர் வரை அப்படியே தலைகீழ்: திருகோணமலையும் பாசிக்குடாவும் குளம் மாதிரி கிடக்கும், தெற்கே இறங்க முடியாது. உங்கள் விடுப்பு மட்டும் ஜூனுக்குத் தள்ளிப்போனால் லங்காவியை மறந்துவிட்டுத் திருகோணமலை போங்கள், தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம். ஆனால் ஜனவரியில் இலங்கை என்றால் தென்மேற்கு, அங்கே காலி நகருக்குப் போகும் ரோட்டில் தனியார் பஸ்கள் சைக்கிளை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. அதனால்தான் உங்களுக்கு அதைச் சொல்லவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கியது, நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது, மழைக்காலத்தில் நிறுத்துகிறார்கள். நான்கு மணி நேரப் பயணத்தை ஒரு மாதம் முன்கூட்டித் திட்டமிட முடியாத நிலைமை. கடலூரிலிருந்து கொழும்பு போகிறவர்களில் பலர் சென்னை வரை வடக்கே ஏறி, பிறகு விமானத்தில் தெற்கே இறங்குகிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்து இடைத்தரகர் விஷயம். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது. இது தற்காலிகச் சலுகை, டிக்கெட் போடும் முன் அவர்கள் அரசுத் தளத்தில் சரிபாருங்கள். போவதற்கு மூன்று நாளுக்குள் வருகை அட்டை ஒன்றை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம். அரசுத் தளம் போலவே தோற்றம் வைத்து அதற்குக் காசு வாங்கும் தளங்கள் கூகுளில் மேலே வந்து நிற்கும். ஏஜென்ட்டும் ‘விசா சர்வீஸ்’ என்று ஆயிரக்கணக்கில் போடுவார். கொடுக்காதீர்கள். வெளிநாட்டு பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வாங்கிக் கட்டும் வரி, பிடிப்பார்கள். வருமான வரி தாக்கலில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கும்.

சைக்கிளைப் பெட்டியில் போடும்போது பின்பக்க டிரேலியரை, அதாவது கியர் மாற்றும் கருவியை, கழற்றிச் சட்டத்துக்கு உள்பக்கமாகத் துணி சுற்றிக் கட்டுங்கள். அது மாட்டும் ஹேங்கர் வளைந்தால் லங்காவியில் உங்கள் மாடலுக்குக் கிடைக்காது, ஒன்று கூடுதலாக எடுத்துப் போங்கள். சீட் உயரத்துக்கு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். காற்றடிக்கும் சிஓடூ குப்பியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புறப்படும்போதே சுங்கப் பிரிவில் சைக்கிளைக் காட்டி ஏற்றுமதிச் சான்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அது வெளிநாட்டில் வாங்கியதில்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஆறு வருஷம் ஓட்டித் தேய்ந்த சைக்கிளுக்கு ரசீது கேட்டு என்னை ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். சங்கிலியில் அப்பியிருந்த கறுப்புக் கிரீஸைத் தொட்டுக் காட்டியும் பயனில்லை.

கடைசியாக உங்கள் பயம். தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரியிலோ நூறு மீட்டருக்கு ஒரு மிதவை கட்டி, காலையில் இரண்டு உயிர்காப்பாளர்களை நிறுத்தினால் உங்களைப் போன்றவர்கள் பருவம் நல்லா இருக்கும் மாதங்களில் இங்கேயே பழகிக்கொள்ளலாம். எத்தனை வருஷமாகச் சொல்கிறோம், யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. வாடைக் காலத்தில் நம் கடலில் தயவுசெய்து இறங்காதீர்கள். அக்டோபர் முடிவதற்குள் நீச்சல்குளத்தில், சுவரைப் பிடித்து நிற்காமல் 1,500 மீட்டர் நீந்திப் பாருங்கள். முடிந்தால் அன்றைக்கே டிக்கெட் போடுங்கள், பொங்கல் நெருங்கினால் விலை ஏறிவிடும். முடியவில்லை என்றால் இந்த வருஷம் லங்காவி வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல நீச்சல் ஆசிரியரிடம் மூன்று மாதம் போங்கள். பத்து நாள் விடுப்பில் செஞ்சி ரோட்டில் சைக்கிள் ஓட்டுங்கள்.