ஹாண்டிலைத் திருப்பினால் பியூஸ் போகிறது: பழுது பற்றரியிலா, நீங்கள் இழுத்த வயரிலா?

கேள்வி: திருகோணமலைப் பக்கம் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். உப்புவெளிக்கு வீடு திரும்ப இரவு பதினொரு மணியாகிவிடும். வழியில் மாடுகள் படுத்துக் கிடப்பதால், என் 150 சிசி பைக்கில் (கார்புரேட்டர் மாடல், 12 வோல்ற் 9 அம்பியர் அவர் பற்றரி) யூடியூப் பார்த்து நானே இரண்டு 20 வாட் எல்ஈடி ஃபொக் லைற், எல்ஈடி சிக்னல் லைற், போன் சார்ஜர் எல்லாம் பூட்டினேன். ஃபொக் லைற்றுக்கு றிலேயும் போட்டிருக்கிறேன். சுவிச்சை லைற்றுக்குப் போகும் வயரில் வைத்து ஹாண்டிலில் பூட்டினேன். இப்போது சிக்னல் கண்டபடி வேகமாக அடிக்கிறது, சில நேரம் இரண்டு பக்கமும் சேர்ந்து அடிக்கிறது. இரண்டு நாள் லீவில் வண்டி நின்றால் ஸ்டார்ட் வராது. போதாக்குறைக்கு, வீட்டு கேற்றுக்குள் இடது பக்கம் வளைக்கும்போது மெயின் பியூஸ் போய் வண்டி அப்படியே செத்துவிடுகிறது. பற்றரி புதிதாக மாற்றியும் அதே கதை. கராஜில் ரெகுலேற்றரும் கொயிலும் மாற்றவேண்டும் என்கிறார்கள். மாற்றவா?

பதில்: மாற்றவேண்டாம் தம்பி. இன்னும் ஒரு சாமானும் வாங்கவேண்டாம். வாங்குவதென்றால் ஒரு மல்டிமீற்றர் வாங்குங்கள், டவுனில் கிடைக்கிற சாதாரணமானதே போதும். நீங்கள் மூன்று பழுது எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டுதான் தெரிகிறது. பற்றரி இறங்குவதும் பியூஸ் போவதும் ஒரே பிழையின் இரண்டு முகம். அந்தப் பிழை எங்கே என்றும் நீங்களே எழுதிவிட்டீர்கள்: சுவிச் லைற்றுக்குப் போகும் வயரில் இருக்கிறது.

றிலே என்பது சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற ஒரு சுவிச். அதன் அடியில் கால்களுக்குப் பக்கத்தில் இலக்கம் பொறித்திருக்கும். 30 என்பது பற்றரியிலிருந்து கரண்ட் வருகிற கால். 87 லைற்றுக்குப் போகிற கால். 85, 86 இரண்டும் உள்ளே இருக்கிற சின்னக் கொயிலின் முனைகள். கொயிலுக்குக் கரண்ட் கிடைத்தால் அது உள்ளே இருக்கிற தகட்டை இழுத்து 30ஐயும் 87ஐயும் சேர்த்துவிடும். சுவிச் இருக்கவேண்டியது கொயில் பக்கம், அதாவது 86க்குப் போகும் வயரில். நீங்கள் 87க்கு அப்பால் வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் 86ஐ எங்கே கொடுத்தீர்கள்? திறப்பை (சாவியை) கழற்றினாலும் கரண்ட் நிற்காத ஒரு வயரில்தான் கொடுத்திருப்பீர்கள். லைற் அணைந்திருக்கும், ஆனால் றிலே இரவு பகலாக இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

இதை உறுதிப்படுத்த மீற்றர்கூடத் தேவையில்லை. வண்டி ஓடாமல் ஓர் இரவு நின்ற பிறகு, காலையில் சீற்றைக் கழற்றி றிலேயைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருக்கும். அப்புறம் திறப்பு இல்லாமலே பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றி மறுபடி தொடுங்கள். றிலே 'டிக்' என்றால் குற்றவாளி அதுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. இந்த மாதிரி றிலேயின் கொயில் ஏறத்தாழ 0.15 அம்பியர் குடிக்கும். 36 மணி நேரத்துக்கு 5.4 அம்பியர் அவர். உங்கள் பற்றரியே 9தான். பாதிக்கு மேல் போய்விட்டால் செல்ஃப் எப்படித் தூக்கும்? புதுப் பற்றரி போட்டாலும் இதே கதைதான். பெரிய பற்றரி போட்டால் ஸ்டார்ட் வராத நாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பியூஸுக்கு வருவோம். றிலே எப்போதும் இழுத்த நிலையில் இருப்பதால், 87இலிருந்து ஹாண்டில் சுவிச் வரை போகிற வயரில் லைற் அணைந்திருக்கும்போதும் முழுக் கரண்ட் நிற்கிறது. அந்த வயர் ஹாண்டில் கழுத்தைச் சுற்றித்தான் வரும். பைக்கிலேயே அதிகம் அசைகிற இடம் அது. வயரை இறுக்கி டை போட்டுக் கட்டினால், நேராக நிற்கும்போது அழகாக இருக்கும். முழுதாக வளைக்கும்போது இழுபடும், அல்லது ஹாண்டிலை நிறுத்துகிற அந்த இரும்புக் கட்டைக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் நசியும். நாளுக்கு இரண்டு தரம் நசிந்தால் கொஞ்ச நாளில் தோல் போய், உள்ளே இருக்கிற செம்பு ஃபிரேமில் தொட்டு ஷோர்ட் ஆகிவிடும். நடுவீதியில் யாரும் ஹாண்டிலை அந்தளவு வளைப்பதில்லை, வீட்டு கேற்றில்தான் வளைப்போம். அதனால்தான் உங்கள் வண்டி வாசலில் சாகிறது. தனிப் பியூஸ் போடாமல் மெயின் பியூஸுக்குப் பின்னால் கொழுவியிருப்பதால் வண்டி முழுவதும் சேர்ந்து போகிறது.

எந்த வயர் என்று பிடிப்பதற்குப் பியூஸ் மேல் பியூஸாகப் போட்டு எரிக்கவேண்டாம். பழைய 12 வோல்ற் 21 வாட் பிரேக் லைற் பல்ப் ஒன்றை எடுத்து இரண்டு வயர் வைத்துக்கொள்ளுங்கள். மெயின் பியூஸைக் கழற்றி, அது இருந்த இரண்டு வாய்க்கும் குறுக்கே அந்தப் பல்பைக் கொடுங்கள். திறப்பு ஓஃப். எங்கே ஷோர்ட் ஆனாலும் இனி இரண்டு அம்பியருக்குள்தான் ஓடும், வயர் எரியாது. ஹாண்டில் நேராக இருக்கும்போது பல்ப் எரியாது. மெதுவாக இடது பக்கம் கொண்டுபோங்கள். வழக்கமான ஷோர்ட் என்றால் பல்ப் பளிச்சென்று நின்று எரியும். உங்கள் வயரிங்கில் இன்னொரு வேடிக்கை நடக்கும்: பல்ப் படபடவென்று துடிக்கும், றிலே 'டர்ர்ர்' என்று அடிக்கும். ஷோர்ட் ஆனதும் றிலேக்கும் கரண்ட் இறங்கி அது விட்டுவிடும். விட்டதும் ஷோர்ட் விலகும். விலகியதும் மறுபடி இழுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ஷோர்ட் 87க்குப் பின்னால்தான், வேறெங்கும் தேடவேண்டாம். ஹாண்டிலை அப்படியே பிடித்துக்கொண்டு டைகளை ஒவ்வொன்றாக வெட்டி, வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். எந்த வயரை இழுத்ததும் சத்தம் நிற்கிறதோ அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்குத் தோல் தேய்ந்து செம்பு மினுங்கும், இல்லையென்றால் பச்சைக் களிம்பு பூத்திருக்கும்.

அந்த இடத்தில் டேப் சுற்றிவிட்டு எழும்பாதீர்கள். வயரிங்கையே மாற்றுங்கள். மைனஸை முதலில் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பற்றரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு 5 அம்பியர் பியூஸ், அங்கிருந்து 30. இரண்டு 20 வாட் லைற் சேர்ந்து 40 வாட், 12ஆல் பிரித்தால் 3.3 அம்பியர், ஆகவே 5 தாராளம். பியூஸ் காப்பது லைற்றை அல்ல, வயரை. அதனால்தான் அது பற்றரிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். 87இலிருந்து 1 சதுர மில்லிமீற்றர் வயரில் லைற்றுக்கு. 85 ஏர்த்துக்கு, அதாவது பற்றரி மைனஸோடு சேர்ந்த ஃபிரேமுக்கு. 86க்குத் திறப்புப் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற பார்க் லைற் வயரிலிருந்து எடுத்து, நடுவில் ஹாண்டில் சுவிச்சை வையுங்கள். இனி ஹாண்டில் பக்கம் வருவது அந்த 0.15 அம்பியர் மட்டும்தான், அதுவும் திறப்புப் போட்டால் மட்டும். வயரைக் கட்டுமுன் ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுதாக வளைத்து, தளர்வாக ஒரு வளையம் விட்டுக் கட்டுங்கள்.

நானும் யோக்கியன் இல்லை. இளவயதில் ஒரு பெரிய ஹோர்னைப் பியூஸ் இல்லாமல் நேரடியாகப் பற்றரியில் கொடுத்து, கிண்ணியாப் பாலத்தின் நடுவில் சீற்றுக்கு அடியிலிருந்து புகை வரக் கண்டவன். இருட்டில் கடல் காற்று முகத்தில் அடிக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு போன தூரம் இன்னும் நினைவிருக்கிறது. பியூஸ் போனால் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு சேராதீர்கள்.

சிக்னலுக்கு வருகிறேன். பழைய பல்ப் ஒவ்வொன்றும் 10 வாட். எல்ஈடி ஒன்றோ இரண்டோ வாட். இவ்வளவு குறைந்த கரண்டைப் பார்த்ததும், சிக்னலை விட்டு விட்டு அடிக்கவைக்கிற ஃபிளாஷர், ஒரு பல்ப் எரிந்துவிட்டது என்று நினைத்து வேகமாக அடிக்கிறது. எல்ஈடிக்கென்று வருகிற எலெக்ட்ரோனிக் ஃபிளாஷர் போட்டால் நின்றுவிடும். ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் கையைச் சுடுகிற சூடு வரும், பிளாஸ்டிக் கவருக்குள் வைக்கிற சாமான் இல்லை.

இரண்டு பக்கமும் சேர்ந்து அடிப்பது வேறு சங்கதி. ஃபிளாஷர் மாற்றியும் இது போகாமல் பலர் தலையைப் பிய்ப்பார்கள். உங்கள் மீற்றர் போர்டில் இடம் வலம் இரண்டுக்கும் ஒரே ஒரு பச்சை லைற்றா? அப்படியானால் அந்தக் குட்டிப் பல்பின் ஒரு கால் இடது சிக்னலிலும் மறு கால் வலது சிக்னலிலும் கொழுவியிருக்கும். இடது பக்கம் போட்டால் கரண்ட் குட்டிப் பல்ப் வழியாக வலது பக்க சிக்னலுக்குள் போய் ஏர்த்தைத் தேடும். அங்கே 10 வாட் பல்ப் இருந்த காலத்தில் அந்தச் சின்னக் கரண்ட் எதையும் எரிக்கவில்லை. எல்ஈடிக்கு அதுவே போதும், எரிந்துவிடும். சோதனை எளிது: குட்டிப் பல்பைக் கழற்றிவிட்டு சிக்னல் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் விஷயம் இதுதான். எலெக்ட்ரோனிக்ஸ் கடையில் 1என்4007 டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற சின்னச் சாமான்) இரண்டு வாங்குங்கள், மிட்டாய் விலைதான். இடது வயரில் ஒன்று, வலது வயரில் ஒன்று. வெள்ளைக் கோடு உள்ள முனைகள் இரண்டையும் சேர்த்துக் குட்டிப் பல்பின் ஒரு காலுக்கு, மறு காலை ஏர்த்துக்கு. முடிந்தது.

ரெகுலேற்றரும் கொயிலும்? இந்தக் கொயில் றிலேக்குள் இருப்பதல்ல, எஞ்சினில் கரண்ட் உண்டாக்குவது. அந்தக் கரண்டை அளவோடு பற்றரிக்கு விடுவது ரெகுலேற்றர். அதை அளந்து பார்த்தே தீர்மானிக்கலாம். முதலில் பற்றரியைக் கழற்றி 0.9 அம்பியரில் பத்து மணி நேரமளவு மெதுவாகச் சார்ஜ் பண்ணுங்கள். சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் 12.6 வோல்ற்றுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் அந்தப் புதுப் பற்றரியும் திரும்பத் திரும்ப வெறுமையாகி உள்ளே சல்பேட் படிந்து கெட்டிருக்கலாம். பிறகு வண்டியை ஸ்டார்ட் பண்ணி, 4,000 ஆர்பிஎம் அளவில் பற்றரி முனைகளில் மீற்றரை வையுங்கள். 13.8க்கும் 14.5க்கும் இடையில் நின்றால் இரண்டும் நல்ல சுகம். ஃபொக் லைற், ஹெட் லைற் எல்லாம் போட்டும் 13க்குக் கீழே இறங்காவிட்டால் இந்தப் பாரத்தை வண்டி தாங்கும். 15ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் போய்விட்டது, எதுவும் போடாமலே 13ஐ எட்டவில்லை என்றால் கொயிலையோ ரெகுலேற்றரையோ சந்தேகிக்கலாம். அப்போது கராஜுக்குப் போங்கள். ஒன்று மட்டும், எஞ்சின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் பார்க்கிற பழைய வித்தையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வோல்ற் எகிறி நல்ல ரெகுலேற்றரும் போய்விடும்.

நீங்கள் இருக்கிற ஊரின் பேரிலேயே உப்பு இருக்கிறது. முறுக்கி டேப் சுற்றிய ஜொயின்ற் இங்கே நிற்காது. வெயிலில் பசை உருகும், ஐப்பசி மழையில் ஈரம் உள்ளே போகும், அப்புறம் களிம்புதான். வயர் முனையில் லக் என்கிற உலோகக் காதை வைத்து அமுக்கி, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கிற, பசை உள்ள ஹீற் ஷ்ரிங்க் குழாய் போட்டு, ஜொயின்ற் எல்லாவற்றையும் சீற்றுக்கு அடியில் கொண்டுவாருங்கள். ஏர்த் போல்ற் இருக்கிற இடத்தில் பெயின்ற்றைச் சுரண்டிப் பூட்டிவிட்டு மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள்.

போன் சார்ஜர் பெரிய குற்றவாளி இல்லை. சும்மா இருக்கும்போது அது 20 மில்லி அம்பியர் குடித்தால்கூட நாளுக்கு அரை அம்பியர் அவர்தான். ஆனாலும் கிழமைக்கணக்கில் வண்டி நிற்கிற வீடென்றால் அதையும் திறப்புப் பக்கம் மாற்றிவிடுங்கள். ஃபொக் லைற்றின் வாயைக் கொஞ்சம் கீழே சரித்துப் பூட்டுங்கள், நிலாவெளி வீதியில் எதிரே வருகிறவனுக்கும் மாடு தெரியவேண்டுமே.